கம்பளி ஜெபக்கயிறு வாங்கலாமா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முடிச்சு முடிச்சாக விரலால் நகர்த்தி ஜெபிக்கிற இந்தக் கயிற்றை வாங்கினால் கிறிஸ்துவின் பிரசன்னம் கூடவே வந்துவிடும் என்று நினைத்து வாங்காதீர்கள். இணையத்தில் விற்பவர்கள் கிட்டத்தட்ட அந்த மாதிரிதான் விளம்பரம் எழுதுகிறார்கள். மத்தேயு சுவிசேஷத்தின் கடைசி வசனத்தில், சகல நாட்களிலும் உங்களோடு இருக்கிறேன் என்று இயேசு சொன்னபோது, கையில் எதையாவது கட்டிக்கொள்ளுங்கள் என்று நிபந்தனை போடவில்லை. அவர் இருக்கிறார். மறந்துபோவது நாம்தான். அந்த மறதிக்கு இந்தக் கயிறு எவ்வளவு தூரம் கைகொடுக்கிறது, எங்கே சொதப்புகிறது என்று பார்க்கலாம்.

நான் ஒரு நிறுவனத்தில் சம்பளக் கணக்குப் பார்ப்பவள். காலையில் வேதம் வாசித்து ஜெபம் பண்ணிவிட்டுத்தான் கிளம்புவேன். அதில் குறை வைத்ததில்லை. ஆனால் ஆமென் சொல்லிக் கதவைப் பூட்டினேன் என்றால், அப்புறம் ராத்திரி படுக்கப் போகும்போதுதான் இயேசுவின் ஞாபகம் வரும். நடுவில் இருக்கிற பத்துப் பன்னிரண்டு மணி நேரம் யாருடையது? திக்கற்றவர்களாக விடமாட்டேன் என்று சொன்னவரைக் காலையில் வீட்டிலேயே விட்டுவிட்டு, பகல் முழுக்கத் தனியாக மல்லுக்கட்டுவது. என்னைப்போல நிறையப் பேர் இருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

என் வீட்டில் இப்போது இரண்டு கயிறுகள் இருக்கின்றன. ஒன்று 33 முடிச்சு, மணிக்கட்டில் ஒரு சுற்று வரும். 33 என்பது கிறிஸ்து பூமியில் வாழ்ந்த ஆண்டுகளின் கணக்கு. இன்னொன்று 100 முடிச்சு. அதை விரல்களில் தொங்கவிட்டுத்தான் பிடிக்க வேண்டும். 50 முடிச்சிலும் கிடைக்கிறது. 300 முடிச்சும் உண்டு, ஆனால் அது மடத்து அறைக்குள் உட்கார்ந்து ஜெபிக்கிற துறவிகளுக்கானது. என்னிடம் உள்ள இரண்டுமே கறுப்புக் கம்பளி நூலில் கையால் முடிந்தவை.

பொருள் எங்கிருந்து வந்தது என்று தெரியாதவர்களுக்கு: இது கிழக்கத்திய ஆர்த்தடாக்ஸ் சபைகளின் சொத்து. கிரேக்கர்கள் கொம்போஸ்கினி என்பார்கள், ரஷ்யர்கள் சோத்கி என்பார்கள். ஒருவர் துறவறம் ஏற்கும்போது, இது ஆவியின் பட்டயம் என்று சொல்லி அவர் கையில் கொடுப்பது அவர்கள் முறை. கறுப்பு, பாவத்துக்காகத் துக்கப்படுவதைக் குறிக்கிறதாம். கம்பளி, நல்ல மேய்ப்பனின் மந்தையை ஞாபகப்படுத்துகிறதாம். நுனியில் தொங்குகிற குஞ்சம் ஜெபத்தில் வருகிற கண்ணீரைத் துடைக்க என்பார்கள். கம்பளியால் கண்ணைத் துடைத்தால் கண் உறுத்தும், அதைச் செய்ய வேண்டாம்.

முடிச்சைப் பற்றித் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். இது நாம் பொட்டலம் கட்டும்போது போடுகிற முடிச்சு இல்லை. நூல் தன்மேலேயே குறுக்கும் நெடுக்குமாகப் பலமுறை போய் இறுகி, ஒரு சின்ன உருண்டையாக நிற்கிறது. வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால் இழைகள் ஒன்றையொன்று வெட்டுகிற இடத்தில் சிலுவைக் குறி தெரியும். ஒரே முடிச்சுக்குள் அப்படிப் பல சிலுவைகள். எகிப்து வனாந்தரத்தில் இருந்த அந்தோணி என்ற துறவி தோல் வாரில் முடிச்சுப் போட்டுத் தன் ஜெபங்களை எண்ணினார் என்றும், பிசாசு வந்து வந்து அவிழ்த்துவிட்டுப் போனது என்றும், சிலுவைகளாலேயே ஆன முடிச்சைப் போட்ட பிறகுதான் அதனால் அவிழ்க்க முடியவில்லை என்றும் ஒரு கதை சொல்வார்கள். நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். என் கயிற்றில் தினமும் விரல் உரசியும் ஒரு முடிச்சுகூட நெகிழவில்லை, அதற்கு நான் சாட்சி.

புதிதாக வரும்போது விறைப்பாக இருக்கும். கட்டைவிரல் கொஞ்சம் நோகும். சில வாரங்களில் பதமாகிவிடும், பதமான பிறகுதான் அதன் அருமை தெரியும். தோழி ஒருத்தி பளபளப்பான நைலான் நூலில் செய்ததை வைத்திருக்கிறாள். பார்க்க அழகு. ஆனால் விரல் வழுக்கிக்கொண்டு ஒரே நேரத்தில் இரண்டு மூன்று முடிச்சுகளைத் தாண்டிப் போய்விடுகிறது. கம்பளியில் ஒவ்வொரு முடிச்சும் விரலை நிறுத்தும். ஓடுகிற மனசை ஒரு நொடி பிடித்து நிறுத்தத்தானே வாங்குகிறோம்?

ஒரு முடிச்சுக்கு ஒரு ஜெபம்: 'கர்த்தராகிய இயேசு கிறிஸ்துவே, தேவகுமாரனே, பாவியாகிய எனக்கு இரங்கும்.' அவ்வளவுதான். எரிகோவின் வழியோரத்தில் பர்திமேயு கத்தியதும், தேவாலயத்தில் தூரத்தில் நின்ற ஆயக்காரன் மார்பில் அடித்துக்கொண்டு சொன்னதும் இந்த ஒரு வரிக்குள் இருக்கின்றன. மூச்சை இழுக்கும்போது முதல் பாதி, விடும்போது மறு பாதி. அவசரப்படாமல் சொன்னால் 33 முடிச்சுக்கு மூன்று நான்கு நிமிடம் போதும். 100 முடிச்சுக்குப் பத்து நிமிடத்துக்குக் குறையாது. எல்லா நேரமும் முழுச் சுற்றுப் போக வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. லிஃப்ட் வரும்வரை நாலு முடிச்சு போதும்.

சபையில் ஒரு அக்கா கையைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இது என்னம்மா, செபமாலை மாதிரி? வீண்வார்த்தைகளை அலப்பாதேயுங்கள்னு வேதத்திலேயே இருக்கே?" நியாயமான கேள்வி. மத்தேயு 6ஆம் அதிகாரத்தில் இருக்கிறதுதான். ஆனால் அந்த வசனத்தை முழுசாக வாசித்தால், அதிகம் பேசினால் தேவன் கேட்பார் என்று நினைப்பதைத்தான் இயேசு குறை சொல்கிறார். அதே சுவிசேஷத்தில் 26ஆம் அதிகாரத்துக்குப் போனால், கெத்செமனேயில் அவரே மூன்றாந்தரமும் அந்த வார்த்தைகளையே சொல்லி ஜெபித்தார் என்று இருக்கிறது. 136ஆம் சங்கீதத்தில் 26 வசனமும் ஒரே வரியில்தான் முடிகிறது. ஞாபகத்துக்காக ஒரு பொருளை வைத்துக்கொள்வதும் வேதத்துக்குப் புதிது இல்லை. இஸ்ரவேலர் வஸ்திரத்தின் ஓரங்களில் தொங்கல் வைத்து, அதில் நீல நாடா கட்டி, அதைப் பார்க்கும்போதெல்லாம் கற்பனைகளை நினைக்க வேண்டும் என்று எண்ணாகமத்தில் கர்த்தரே சொல்கிறார். அக்காவிடம் இதைச் சொன்னேன். முழுத் திருப்தி இல்லை, ஆனால் விட்டுவிட்டார். அவர் பயந்ததிலும் ஒரு நியாயம் இருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன்.

சரி, அன்றாட வாழ்க்கையில் என்ன நடக்கிறது?

ஒரு மாதக் கடைசி. சம்பளப் பட்டியல் மூடுகிற நேரத்தில் இன்னொரு பிரிவிலிருந்து வருகைப் பதிவு தாமதமாக வந்தது. அதனால் சிலருக்குப் பிடித்தம் தப்பாகிவிட்டது. அந்தப் பிரிவில் இருப்பவர், மேலிடத்து ஆட்கள் எல்லோரையும் பிரதியில் போட்டு, சம்பளப் பிரிவின் கவனக்குறைவு என்று ஒரு மின்னஞ்சல் தட்டிவிட்டார். என் பக்கம் ஆதாரம் பக்காவாக இருந்தது. தேதி, நேரம், அவர் அனுப்பிய கோப்பு, எல்லாம். பதிலை நறுக்கென்று எழுதினேன். கடைசியில், இது முதல் தடவை இல்லை என்று ஒரு வரி சேர்த்தேன். அந்த வரிதான் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

அனுப்பும் முன்பு இடது மணிக்கட்டில் கட்டைவிரல் தானாகப் போய் ஒரு முடிச்சில் நின்றது. பழக்கம். வாய் வரியைச் சொல்லிவிட்டது. எனக்கு இரங்கும் என்று உள்ளே சொல்லிக்கொண்டே வெளியே அந்த மனிதரை நாலு பேர் முன்னால் கிழித்துத் தொங்கவிடுவது எப்படி? பக்கத்து நாற்காலியில் ஒருவர் உட்கார்ந்து என் திரையையும் வாசித்துக்கொண்டிருந்தால் எப்படிச் சங்கடமாக இருக்கும், அப்படி இருந்தது. கடைசி வரியை எடுத்தேன். பிரதியில் இருந்த பெயர்களைக் குறைத்தேன். ஆதாரங்களை எடுக்கவில்லை. கிறிஸ்து கூட இருக்கிறார் என்பதற்காகத் தாமதத்தைத் தாமதம் என்று சொல்லக்கூடாது என்று எங்கும் இல்லையே. பதில் போனது, பிடித்தம் சரியானது. அவர் நன்றி சொன்னாரா என்று கேட்காதீர்கள்.

அமைதி கிடைக்கும் என்று எழுதி விற்பவர்களோடு எனக்குள்ள தகராறு இதுதான். பிரசன்னம் என்றால் மெல்லிய இசையும் கண்ணில் நீரும் என்று நம்மைப் பழக்கிவிட்டார்கள். எனக்குப் பாதி நாள் அது இடைஞ்சலாகத்தான் வருகிறது. ஊழியரின் விடுப்பு விண்ணப்பத்தை ஏனோதானோ என்று தள்ளிவிடப் போகும்போது, பிள்ளையிடம் எரிந்து விழப்போகும்போது, ஒருத்தியைப் பற்றிக் கதை பேச வாய் திறக்கும்போது, அங்கேயும் அவர் இருக்கிறார் என்று விரல் சொல்கிறது. ஒரு போலீஸ்காரர் நிற்கிற மாதிரி இல்லை. நம்மை நன்றாகத் தெரிந்த, நம்மிடம் பிரியமான ஒருவர் முன்னால் அசிங்கமாக நடந்துகொள்ளக் கூசுகிற மாதிரி.

மீதிப் பாதி நாள் எதுவுமே தெரியாது. சொல்வேன், முடிச்சு நகரும், மனசு எங்கோ இருக்கும். அன்றைக்குக் கையில் இருப்பது வெறும் கம்பளி. இதில் பயப்பட ஒன்றுமில்லை என்று நினைக்கிறேன். எம்மாவுக்குப் போன சீஷர்கள் இருவரும், ஏறக்குறைய 11 கிலோமீட்டர் வழியில் அவரோடு பேசிக்கொண்டே நடந்தும், யார் என்று அறியவில்லை. பந்தியில் அப்பத்தைப் பிட்டபோதுதான் கண் திறந்தது. தெரியாதபோதும் கூட நடந்தவர் அவரே. ஒன்றும் உணரவில்லை, அதனால் பொருள் வேலை செய்யவில்லை என்று ஒரு நட்சத்திரம் கொடுத்திருப்பவர்களின் மதிப்புரைகளை வாசித்தேன். உணர்வை எதிர்பார்த்து வாங்கினால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

100 முடிச்சுக் கயிறு என் மாமியாருடையதாகிவிட்டது. அத்தைக்கு இரண்டு கண்ணிலும் பார்வை மங்கிவிட்டது. பெரிய எழுத்து வேதாகமமும் இப்போது உதவுவதில்லை. கயிற்றைக் கையில் கொடுத்தபோது ஜெப வரியையும் சொல்லிக்கொடுத்தேன். ரெண்டு நாள் சொன்னார், அப்புறம் தன் வழிக்கு மாற்றிவிட்டார். ஒரு முடிச்சுக்கு ஒரு ஆள். பேர் சொல்லி, 'கூட இரும் ஆண்டவரே' என்று ஒரு வார்த்தை, அடுத்த முடிச்சு. இந்தக் கயிற்றில் ஒவ்வொரு 25 முடிச்சுக்கும் நடுவில் ஒரு மணி கோத்திருக்கிறது. முதல் மணி வரை குடும்பம், அடுத்த மணி வரை சபை, அப்புறம் அக்கம்பக்கம், கடைசிப் பகுதி வியாதிக்காரர்களும் கடன்காரர்களும். என் பேர் எத்தனையாவது முடிச்சு என்று ஒருநாள் கேட்டேன். "உன்னை மணியிலே வச்சிருக்கேன். அதுதான் கைக்குத் தப்பாம மாட்டும்" என்றார்.

ஆகவே வயதானவர்களுக்கு, பார்வை இல்லாதவர்களுக்கு, ராத்திரி தூக்கம் வராதவர்களுக்கு 100 முடிச்சுதான் சரி. கயிற்றின் சுற்று சேருகிற இடத்தில் தொங்குகிற சிலுவை எங்கே இருக்கிறது என்று இருட்டிலும் விரலுக்குத் தெரிகிறது. சத்தம் இல்லை. பக்கத்தில் படுத்திருப்பவர் எழமாட்டார்.

இனி அந்த அக்கா பயந்த விஷயம். முடிச்சு என்று ஒன்று இருந்தால் எண்ணிக்கை என்று ஒன்று வந்துவிடுகிறது. என் தொழிலே எண்ணிக்கை. இன்றைக்கு எத்தனை சுற்று, நேற்றைவிடக் கூடவா குறைவா என்று மனசு தானாகக் கூட்டும். அத்தை அதைக் கண்டுபிடித்துவிட்டார். "ஏம்மா, கர்த்தர் உன்கிட்டே கணக்கு கேட்டாரா? ஆபீஸ்லே போடுற கணக்கு போதாதா?"

இது பழைய வியாதிதான். 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்லாடியு என்பவர் எகிப்தியத் துறவிகளைப் பற்றி எழுதி வைத்ததில் ஒரு சம்பவம் வருகிறது. பேர்மே என்ற இடத்தில் பவுல் என்று ஒரு துறவி. மடியில் 300 கூழாங்கற்களை வைத்துக்கொண்டு, ஒரு ஜெபத்துக்கு ஒரு கல்லாக வெளியே போடுவார். ஒரு கிராமத்தில் ஒரு கன்னிகை 700 ஜெபம் செய்கிறாள் என்று கேள்விப்பட்டதும் மனசு உடைந்துபோய் மக்காரியு என்ற மூத்த துறவியிடம் வருகிறார். மக்காரியு சொன்ன பதிலின் சாரம் இது: நான் 100 ஜெபம்தான் செய்கிறேன், என் சாப்பாட்டுக்கு உழைக்கிறேன், தேடி வருகிற சகோதரர்களோடு பேசுகிறேன், என் மனச்சாட்சி என்னைக் குற்றப்படுத்தவில்லை. நீ 300 செய்தும் குற்றப்படுத்துகிறது என்றால், சுத்தமாக ஜெபிக்கவில்லையா, இல்லை இன்னும் செய்ய முடிந்தும் செய்யவில்லையா என்று பார்.

இதை வாசித்த பிறகு நான் சிலுவையிலிருந்து தொடங்குவதை விட்டுவிட்டேன். விரல் எந்த முடிச்சில் போய் விழுகிறதோ அங்கிருந்து தொடங்குவேன், எங்கே கூப்பிடுகிறார்களோ அங்கே நிறுத்துவேன். சுற்று முடிந்ததா என்று தெரியவே தெரியாது. கணக்குப் பிடிக்கும் புத்திக்காரர்கள் இதை முயன்று பார்க்கலாம்.

இதே காரணத்தால் விரலில் மாட்டிக்கொண்டு பொத்தானை அழுத்துகிற எண்ணும் கருவியை நான் சிபாரிசு செய்யமாட்டேன். அதில் எண்தான் கண்ணை உறுத்திக்கொண்டு முன்னால் நிற்கும். கைப்பேசியில் மணிக்கு ஒருமுறை வசனம் காட்டுகிற செயலிகளும் எனக்குச் சரிப்படவில்லை. வசனம் வாசிக்கக் கைப்பேசியை எடுத்தால் வசனத்துக்குக் கீழே நாலு வாட்ஸ்அப் செய்தி நிற்கும். அப்புறம் எங்கே ஜெபம்?

குறைகளைச் சொல்லிவிடுகிறேன். குஞ்சம் ஒரு பெரிய தொல்லை. கை கழுவும்போது நனையும், இழுப்பறையில் மாட்டும், விசைப்பலகையில் உரசும். 33 முடிச்சு வாங்குபவர்கள் குஞ்சம் இல்லாததைக் கேட்டு வாங்குங்கள். வியர்வையை உறிஞ்சுவதால் கழற்றாமலே போட்டிருந்தால் வாடை அடிக்கும், சிலருக்குத் தோல் அரிக்கும். நாளாக ஆகக் கம்பளியில் பிசிறு கிளம்பும். கறுப்பு என்பதால் பஞ்சுத் தூசி பளிச்சென்று தெரியும். நீளவும் செய்கிறது, என் மணிக்கட்டுக் கயிறு இப்போது முழங்கைப் பக்கம் கொஞ்சம் ஏறி இறங்குகிறது.

இன்னொரு குறை கயிற்றினுடையது இல்லை. மணிக்கட்டில் போட்டால் நாலு பேர் பார்ப்பார்கள், கேட்பார்கள். கேட்டால் பதில் சொல்லத் தோன்றும், சொல்லச் சொல்லக் கொஞ்சம் பெருமையும் ஒட்டிக்கொள்ளும். அந்தரங்கத்தில் ஜெபியுங்கள் என்றவரை நினைப்பதற்கான பொருள், ஆபரணமாகிவிடக்கூடாது இல்லையா? நான் முழுக்கைச் சட்டைக்குள் தள்ளிவிடுகிறேன். பையில் போட்டுக்கொள்பவர்களும் உண்டு. ஆனால் பையில் இருந்தால் பாதி நாள் அதையும் மறந்துவிடுவோம்.

ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். குறைத்த ஒன்று குஞ்சத்துக்கும் நீளத்துக்கும்.

துவைப்பதானால் ஆறிய தண்ணீரில் கொஞ்சம் சோப்பு போட்டு அலசி, துண்டில் வைத்து ஒற்றி, நிழலில் படுக்க வைத்து உலர்த்துங்கள். முறுக்கிப் பிழிய வேண்டாம், தொங்கப் போட்டால் இன்னும் நீளும். கடையில் நேரில் பார்த்து வாங்க முடிந்தால், கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலால் பத்து முடிச்சு நகர்த்திப் பாருங்கள். ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தட்டுப்பட வேண்டும். ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பட்டையாக ஓடினால் அதை வைத்துவிட்டு வேறு பாருங்கள்.